ஜைனம்பு வீட்டுச் சிரட்டை

ஜைனம்பு வீட்டுப் பின்பக்கம் சிரட்டை களவு போக ஆரம்பித்தது.

தேங்காயைத் துருவிவிட்டுத் தூக்கியெறிகிற சிரட்டையைப் போய் யாராவது திருடுவார்களா என்று தேங்காய்ப்பட்டணமே சிரித்தது. ஜைனம்பு சிரிக்கவில்லை.

"வேற ஆரு? மதிலுக்கு அந்தப் பக்கத்துக்காரி தான்."

அந்தப் பக்கத்துக்காரி குளோரி. சாய்ந்து வளர்ந்த ஒரு தென்னையால் இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. மரம் ஜைனம்புவுடையது, காய் விழுவது குளோரியின் முற்றத்தில். விட்டுக்கொடுக்கிற ரகம் இருவருமே இல்லை.

ஜைனம்புவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. மகன் மைதீன் கனி விமானப்படையில் இருந்தான். விமானத்தில் பின்னால் உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கிற வேலை. 1939, சண்டை மூண்ட நேரம். லீவில் வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எதிரி விஷப்புகை விட்டா மூஞ்சியில ஒரு மூடி மாட்டிக்கிடுவோம் உம்மா. அதுவழியா தான் மூச்சு."

சொல்லிவிட்டு அவன் ரயிலேறிவிட்டான். உம்மாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. அவன் சொன்னபோது மதிலுக்கு அந்தப் பக்கம் குளோரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றதையும் ஜைனம்பு பார்த்திருந்தாள். சிரட்டை காணாமல் போனது அதற்குப் பிறகுதான்.

ஒருநாள் காலையில் ஆள் கையும் களவுமாக அகப்பட்டாள். முந்தானை நிறையச் சிரட்டையோடு குளோரி நடந்தாள். ஜைனம்பு பின்னாலேயே போனாள். ஊர்வலம் நாராயணபெருமாளின் சிரட்டைக்கரி சுடுகிற களத்தில் போய் நின்றது. குளோரிக்கு அங்கேதான் வேலை.

"மொதலாளி, இவ எனக்க வீட்டுச் சிரட்டையக் களவெடுத்து இங்க கொண்டுவந்து விக்கா. கேளுங்க."

"விக்கல்லம்மா" என்றார் நாராயணபெருமாள். "தனியா சுட்டு, தனியா ஒரு சாக்குல போடுகா. எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா."

"எதுக்குட்டி?"

இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. குளோரி முந்தானையிலிருந்த சிரட்டையைக் கீழே கொட்டினாள்.

"இந்தக் கரி கப்பலேறி எங்க போவுதுன்னு நெனச்ச? உனக்க மவன் மாட்டுக மூடிக்குள்ள போடத்தான். விஷத்த இது குடிச்சிக்கிடும். எவ வீட்டுக் கரியையோ அவன் எதுக்கு மோந்துக்கிட்டுக் கெடக்கணும்? நீ துருவின தேங்காய்க்க கரின்னா மூச்சு நல்லா எறங்கும்லா."

"கேட்டா தந்திருக்க மாட்டனா?"

"நீ எங்கிட்ட பேசினியா?"

ஜைனம்பு முதலாளியைப் பார்த்தாள். "இந்தச் சாக்கு அவனுக்கே போவுமா மொதலாளி?"

குளச்சல் துறைமுகத்தில் எல்லாச் சாக்கையும் ஒரே குவியலாகக் கொட்டுவார்கள் என்பது நாராயணபெருமாளுக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போவும், போவும்" என்றார்.

ஜைனம்புவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு குளோரியை முறைத்தாள்.

"ஏட்டி, இது காணாது, இன்னும் வேணும். முன்னால இருந்து விமானம் ஓட்டுகவன் ஒருத்தன் உண்டும். அந்தப் பிள்ளைக்க அம்மை எந்த ஊர்ல கெடக்காளோ. சாய்ஞ்ச மரத்துக் காயெல்லாம் இனி நீயே எடுத்துக்க. சிரட்டைய மட்டும் அவனுக்குச் சுட்டுப் போடு."