படி ஏற மாட்டேன்

தேசிய விருது விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சமூகப் பிரச்சினை பற்றிய சிறந்த குறு ஆவணப்படத்தை எடுத்த பெண் இயக்குநர் மட்டும் மேடைப் படியருகே நின்றுவிட்டார்.

“ஏறி வாங்க மேடம்” என்றார் விழா அதிகாரி.

“இந்தப் படியில ஏற மாட்டேன் சார். விருதைக் கீழ கொண்டுவந்து குடுக்கச் சொல்லுங்க.”

“அமைச்சர் உங்களுக்காக எறங்கி வரணுமா? ஒரு விருது கெடைச்சதுமே தலைகால் புரியலையா?”

“அப்போ வேற வழி பண்ணுங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு.”

“மத்தவங்கல்லாம் இதுலதானே ஏறினாங்க? உங்களுக்கு மட்டும் தனி வழியா?”

“எங்க படத்தை நீங்க பாக்கலையா சார்?”

“எனக்கு எங்க நேரம்?”

அப்போது அரங்கின் கதவு திறந்தது.

“அதோ, எங்க கேமராமேன் வந்துட்டார். விருது எங்க ரெண்டு பேருக்கும்தான்” என்றார் இயக்குநர்.

சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்த கேமராமேன், படிகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

அதிகாரி பதறினார். “நாலு பேரை விட்டுத் தூக்கி வெச்சிடலாம் சார்.”

“தூக்கி வெக்க நான் என்ன பூந்தொட்டியா? பேங்க், கோர்ட்டுன்னு எங்க போனாலும் இதையேதான் சொல்றாங்க. அதைத்தான் படமா எடுத்தோம். அதுக்குத்தான் விருதே குடுக்கறீங்க.”

மேடை போட்ட தச்சரைத் தேடி அதிகாரியே ஓடினார்.

மாலைக்குள் படிக்குப் பக்கத்தில் பலகையால் ஒரு சாய்தளம் தயாரானது. அதில் முதல் ஆளாக ஏறியவர், முழங்கால் வலியோடு வந்த அமைச்சர்.