ஒரு சொட்டுப் பரிசோதனை

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறங்கியவர், பெட்ரோல் போடும் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹை ஆக்டேன் தானே? எதையும் கலக்கலையே?"

"சுத்தமான பெட்ரோல் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மேம்பாலத்துலேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கேன். இதுல ஒரு சொட்டு விடும்மா."

அவர் நீட்டிய வெள்ளைத் தாளில் சொட்டு விழுந்து, கறையில்லாமல் காய்ந்தது. அப்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை. டேங்கர் வந்து எவ்வளவு நேரமாச்சு என்று துருவித் துருவிக் கேட்டார். அடர்த்தியை அளந்து காட்டச் சொன்னார். மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே டேங்க் மூடியைத் திறந்தார்.

பெட்ரோல் இறங்கும்போது அவள் கேட்டாள். "நாங்களும் மேம்பாலத்துப் பக்கம்தான் சார். அங்கேயே பெரிய பங்க் இருக்கே? என் வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு அங்கதான் போடறார். என்னமோ, வண்டி அடிக்கடி நடுவழியில நின்னுடுது."

அவர் முகம் மாறியது.

"இனிமே அங்க போட வேண்டாம்னு சொல்லும்மா."

"ஏன், கலப்படமா? உங்களுக்கு யார் சார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் திருகினார். "அது என்னோட பங்க்."