மூன்றாவது கைடு

முள் மூன்றாவது கைடின் காது மடலைத் துளைத்துக்கொண்டு நின்றது.

ஈ மாதிரி இறகு கட்டிய தூண்டில் முள். நூல் அவள் தலைக்குப் பின்னால் போய், முன்னால் வருகிற வேகத்தில் முள் அவன் காதில் சொருகிக்கொண்டது. கழுத்தில் ரத்தம் இறங்கியது.

கை தவறிவிட்டது என்றாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தூண்டில் வீசுகிறேன் என்று கரையிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

சொல்லும்போது அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். பின்னால் அத்தனை பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினாலும் ஸ்டியரிங்கில் பிடி நழுவாது. அப்பேர்ப்பட்ட கை இந்த வாரத்தில் மட்டும் மூன்று தடவை தவறியிருக்கிறது.

மீன் பிடிக்க ஆற்றில் கூட்டிப்போகும் கைடைத் தேடியது தம்பிக்காக.

தலையில் அடிபட்டதிலிருந்து தம்பிக்கு உடம்பு மட்டும்தான் ஆம்பிளை, புத்தி குழந்தை. சொல்லாமல் யாராவது தொட்டுவிட்டால் ஓங்கி அடித்துவிடுவான். வீட்டில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. அவளுடைய முன்பல் ஒன்று போனதும் அப்படித்தான்.

ஓடுகிற தண்ணீரில் தூண்டிலோடு நின்றால் மட்டும் அடங்கிப்போவான். ஆனால் இந்த ஆற்றில் அவனைத் தனியாகப் பிடித்து நிறுத்த அவளால் ஆகாது. பள்ளம் எது, பாறை எது என்று தெரிந்த ஆள் வேண்டும். அடி வாங்கினாலும் திருப்பி அடிக்காத ஆளாகவும் இருக்க வேண்டும்.

போன வருஷம் அமர்த்திய கைடு பெரிய பெயரெடுத்தவன். தம்பி ஒரே ஒரு அடிதான் கொடுத்தான். அவன் தம்பியின் பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். குமிழி குமிழியாக வந்தது. பிறகு குமிழி நின்றது. அமுக்கிய கையை அவன் எடுக்கவே இல்லை.

எப்படியோ தம்பியைக் கரைக்கு இழுத்துப் போட்டாள். நெஞ்சில் குத்திக் குத்தி மூச்சை வரவழைத்தாள்.

அந்த கைடு இப்போது உயிரோடு இல்லை. பாறை வழுக்கி, மண்டை உடைந்து, ஆற்றோடு போய்விட்டானாம். இந்த வருஷம் ஆள் விசாரிக்கப் போனபோது தூண்டில் கடைக்காரர் சொல்லி உச்சுக்கொட்டினார். அவளும் கூடவே உச்சுக்கொட்டினாள். பிறகு வேறு மூன்று பேரின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

முதல் ஆள் வாய் நிறையச் சிரிப்பவன். தோளில் முள் ஏறியபோதும், பரவாயில்லை மேடம், சகஜம்தான் என்று சிரித்தான். பிறகு ஒரு மீன் சிக்கியது. மண்டையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மீன் செத்துவிடும். அவன் அதைப் பாறையில் கூழாகும்வரை அடித்தான். அடிக்கும்போதும் சிரித்தான்.

இரண்டாவது ஆள் அவ்வளவு நேரம் கூடக் காத்திருக்கவில்லை. கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தான். அவன் விரல் தடம் இன்னும் அவள் முகத்தில் லேசாகத் தெரிந்தது.

இப்போது மூன்றாவது ஆள் வாயைத் திறந்தான்.

பச்சை பச்சையாகத் திட்டினான். அவளுடைய ஏழு தலைமுறையையும் அந்தத் தண்ணீரில் இறக்கி நிறுத்தித் திட்டினான். மீன்களே ஓடி ஒளிந்திருக்கும். அவளுக்கோ மனசு குளிர்ந்தது. கோபம் முழுக்க வாய் வழியாகவே போய்க்கொண்டிருந்தது, கைக்கு வரவில்லை.

திட்டிக்கொண்டே தூண்டில் கோலை அவளிடமிருந்து வாங்கினான். திட்டிக்கொண்டே அவள் முழங்கையைப் பிடித்து, தண்ணீர் இழுப்பு இல்லாத இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். அதற்கு அப்புறம்தான் காதில் கை வைத்தான்.

முள் இழுத்ததும் சுலபமாக வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தவன் திட்டுவதை நிறுத்தினான்.

"முள்ளு திரும்ப வராம மாட்டிக்கிற கொண்டியைக் குறடு வச்சு நசுக்கியிருக்கீங்க. உங்க கையும் தவறல. யாருக்காக என் காதைக் கிழிச்சீங்க?"

அவள் கரையில் நின்ற வேனைக் காட்டினாள்.

"என் தம்பிக்காக. அவன் அடிப்பான். நீங்க திருப்பி அடிக்கக் கூடாது."

மிச்சத்தையும் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

தம்பி வேனிலிருந்து இறங்கி நேராகத் தண்ணீருக்கு வந்தான். நெஞ்சுவரை ஏறிய ரப்பர் கால்சட்டையின் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. பெல்ட் தளர்ந்திருந்தால், விழுந்த மறு நொடி உள்ளே தண்ணீர் புகுந்து ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். அதைப் பார்த்ததும் கைடுக்கு அவள் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. தொழில் புத்தி. குனிந்து பெல்ட்டைப் பிடித்துவிட்டான்.

தம்பியின் முஷ்டி அதே காதில் இறங்கியது.

கைடு மண்டியிட்டு விழுந்தான். அடுத்த அடி மூக்கில். தண்ணீர் சிவந்து ஓடியது. எழுந்தபோது அவன் கை முறுக்கிக்கொண்டு தம்பியின் கழுத்து உயரத்துக்கு வந்துவிட்டது.

அவள் தண்ணீருக்குள் குனிந்து நிமிர்ந்தாள்.

கை அங்கேயே நின்றது. பிறகு விரல்கள் விரிந்தன. இரண்டு உள்ளங்கைகளையும் தம்பிக்கு விரித்துக் காட்டினான். பெல்ட்டைத் தொடப்போகிறேன், தொடட்டுமா என்று ரத்தம் ஒழுகும் வாயால் கேட்டான்.

தம்பி ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான். பிறகு, சட்டை மாட்டிக்கொள்ள நிற்கும் குழந்தையாக, கைகளைத் தூக்கிக் கொடுத்தான்.

கைடு பெல்ட்டை இழுத்து இறுக்கி மாட்டினான்.

அவள், முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்த கல்லைச் சத்தமில்லாமல் தண்ணீரில் விட்டாள்.

போன வருஷம் எடுத்த கல்லை இப்படிச் சும்மா விட முடியாமல் போயிருந்தது.