கடித்த நாய்

“கடிச்ச நாய் மட்டும் உள்ள வரட்டும்” என்றார் கால்நடை டாக்டர் சுந்தர்ராஜ்.

நாய் தனியாக வரவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு பூமாரி வந்தாள். பின்னாலேயே கஸ்தூரியம்மாளும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கணவர் கருத்தக்கண்ணனும் வந்தார்கள். டைகர் என்று பேரே தவிர, அது முழங்கால் உயரம்கூட இல்லாத நாய்.

கருத்தக்கண்ணனுக்குப் போடி கடைவீதியில் ஜவுளிக்கடை. கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் பூமாரியின் வீட்டுக்குத் துணி கொண்டுபோன இடத்தில் டைகர் கடித்துவிட்டது. குனிந்து செருப்பு மாட்டும்போது பாய்ந்து தோளைக் கவ்வியதாம். அன்றைக்கே கஸ்தூரியம்மாள் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள்.

காலில் முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிற மனிதர், ஏழு ஊசியை வாய் திறக்காமல் போட்டுக்கொண்டார். கஸ்தூரியம்மாளுக்குத்தான் தாங்கவில்லை. எல்லாம் ஏழரைச் சனி படுத்தும் பாடு என்று குச்சனூர் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். நாய்க்கு வெறி இல்லை என்று மாட்டாஸ்பத்திரியில் எழுதி வாங்கி வந்தால் மிச்ச ஊசி வேண்டாம் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னதும், சனி விலகியதாகவே நினைத்தாள்.

“எதுக்கு வீண் அலைச்சல்? ஊசியைப் போட்டே முடிச்சிருவோம்” என்றார் கருத்தக்கண்ணன். தனக்குச் சிரமம் வேண்டாமென்று பார்க்கிறாராக்கும் என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. நேரே பூமாரி வீட்டுக்குப் போய் நாயோடு அவளையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெளியே காத்திருந்தபோது பூமாரி ஒரு பன்னை டீயில் நனைத்து, பிசைந்து நாய்க்கு ஊட்டினாள்.

“நாய்க்கு இம்புட்டுச் செல்லமா?” என்று கேட்டாள் கஸ்தூரியம்மாள்.

“இப்படிக் குடுத்தாத்தான் அதுக்கு இறங்கும்க்கா.”

டாக்டர் நாயை மேசைமேல் ஏற்றி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். டைகர் சாவகாசமாகக் குடித்தது.

“கடிச்சு எட்டு நாளாச்சுன்னு சொல்றீங்க. வெறி இருந்தா இந்நேரம் செத்திருக்கும். இதுக்கு ஒண்ணுமில்லம்மா.”

கஸ்தூரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கிவிட்டது. “அதை அப்படியே எழுதிக் குடுத்துருங்க சார். இன்னைக்கு எட்டாவது ஊசி. இவுக வயித்துல இனிக் குத்த இடமில்ல.”

“எழுதிருவோம். அதென்ன, வாய் இப்படி நாறுது?”

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நாயின் உதட்டைத் தூக்கினார். டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டு ஈறை ஒரு சுற்றுத் தடவினார். டைகர் ஆட்சேபம் சொல்லவில்லை.

“ஈறு பூராம் சீழு. இருந்த பல்லு அத்தனையும் கொட்டிப் போச்சு. கொட்டி ரெண்டு வருசமாச்சும் இருக்கும்” என்றவர், பூமாரியிடம் திரும்பினார். “அப்பவே கூட்டியாந்திருந்தா நாலஞ்சு பல்லையாவது காப்பாத்தியிருக்கலாம்.”

பூமாரி தரையைப் பார்த்தாள்.

பேனாவைத் திறந்த டாக்டர் அதைத் திரும்ப மூடினார். “ஏம்மா, அப்ப இது எதை வச்சுக் கடிச்சுச்சு?”

சட்டையைக் கழற்றச் சொன்னார். கருத்தக்கண்ணன் கை நகரவில்லை. கஸ்தூரியம்மாளே பித்தானை அவிழ்த்துத் தோளைக் காட்டினாள்.

டாக்டர் தோளில் இருந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார்.

“இது நாய்ப்பல்லு இல்லம்மா. மனுசப்பல்லு.”

கஸ்தூரியம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த பசு மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமாரியைப் பார்த்தாள். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு நாயைத் தூக்கினாள். கஸ்தூரியம்மாள் நிதானமாகக் கணவரின் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

டாக்டருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. “நாய்க்கு வெறி இல்லைங்கிறது நிசந்தானம்மா. அதை வேணும்னா எழுதித் தாரேன்” என்றார்.

“வேணாம் சார். மிச்ச ஊசியையும் இவுக போட்டுக்கிறட்டும்.”