நான்கு வினாடி

"முதல்ல மூச்சு விடுங்க, பொறியாளரம்மா. ரயில்தான் கிளம்பியாச்சே," என்றார் கோங்.

பெய்லான் மடியிலிருந்த அளவீட்டுப் பெட்டியைத் திறந்தாள். "பாதுகாப்புச் சோதனையில இதைக் குடைஞ்சு எடுத்துட்டாங்க. நான் தயார், ஐயா."

ஜெங்ஜோவிலிருந்து ஷிஆன் செல்லும் அந்த ரயில், மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருந்தது. தடத்தோரக் கோபுரங்கள் ரயிலை நோக்கி அனுப்பும் கைப்பேசி அலைக்கதிரை அவள் ஊசிபோல் மெலிதாக்கியிருந்தாள். ஆறு வருட உழைப்பு. இன்று கைப்பேசிப் பேச்சு ஒருமுறை அறுந்தாலும், ரயில்வேயின் தேர்வாளரான கோங் அதை நிராகரித்துவிடுவார்.

"அகலமான கதிர்னா ரயில் முன்னே பின்னே வந்தாலும் பிடிச்சுக்கும். உங்க ஊசி குறி தவறினா?"

"தவறாது. அது ரயிலைத் தேடுறதே இல்லை. அட்டவணைப்படி எந்த வினாடி எங்கே இருக்கணுமோ, அங்கே காத்திருக்கும். இந்தத் தடத்துல ரயில் ஒரு வினாடிகூடப் பிசகினதில்லை."

"பார்ப்போம். நிறுத்தாம பேசுற ஆள் எங்க வீட்டுலயே இருக்கு." கோங் மனைவியை அழைத்து, கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"உங்க தம்பி வாங்கிட்டு வந்த பூண்டுத்தண்டு பூரா வாடல்! வரும்போது ஷான்ஷி வினிகர் வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி எதையாவது தூக்கிட்டு வந்தீங்க, அப்புறம் நான்..."

பெய்லானின் சோதனைக் கோபுரங்கள் தொடங்கும் இடத்தை ரயில் எட்டியது. பேச்சு அறுந்தது.

"என்ன செய்வாள்னு கேட்கக் கொடுத்துவைக்கலை," என்ற கோங், படிவத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

பெய்லான் திரையையும் கடிகாரத்தையும் ஒப்பிட்டாள். ரயில் நான்கு வினாடி பின்தங்கியிருந்தது. அவளுடைய கதிர், ரயிலுக்கு முந்நூற்று முப்பது மீட்டர் முன்னால், வெறும் தண்டவாளத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அவள் ரயில் பொறுப்பாளரை வரவழைத்தாள்.

"நாலு வினாடி தாமதம்! எந்தப் பொறுப்பில்லாத ஆளால இது? பேர் சொல்லுங்க, நான் புகார் எழுதணும்."

நீலச் சீருடை அணிந்த அந்தப் பெண் தலைகுனிந்தாள்.

"தப்பு என்மேலதான், அக்கா. நடைமேடையில ஒருத்தர் விழுந்தடிச்சு ஓடி வந்தாங்க. பாவமா இருந்துச்சு, கதவைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சேன். பேர் தெரியாது." அவள் பார்வை பெய்லானின் மடிக்கு இறங்கியது. "கையில இந்தப் பெட்டிதான் இருந்துச்சு."