வெறும் காஸ்ரிக்

சீன முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையை முடித்துவிட்டு லாசாலில் இருக்கும் வீட்டுக்கு வந்த யோசெப்பின், மகள் லக்சனா ஊற்றித் தந்த தேநீரோடு கதையைத் தொடங்கினாள்.

"இண்டைக்கு யூனிவேர்சிற்றியில இருந்து ஆராய்ச்சிக்கு ஆக்கள் வந்தவை, பிள்ளை. பெரிய வருத்தமெண்டால் ஆருக்கு முதல் சொல்லவேணும் எண்டு கேட்டவை. முக்கால்வாசிச் சனம், 'பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, நோயாளிக்குச் சொல்லாதேங்கோ' எண்டிட்டுது."

லக்சனா கோப்பை கழுவப் போனாள்.

"எங்கட லியூ அம்மாவைப் பாரன். டொக்டர் பிரெஞ்சில பத்து நிமிசம் விளங்கப்படுத்தினவர். மகள்காரி தாய்க்குச் சீனத்தில ரெண்டே சொல்லுத்தான் சொன்னவள், 'வெறும் காஸ்ரிக்' எண்டு, சும்மா வயித்தெரிவாம். சீனம் தெரிஞ்ச நேர்ஸ்தான் எனக்குச் சொன்னவ. புற்றுநோயெண்டு எங்களுக்கெல்லாம் தெரியும். மனிசி மகளை நம்பி ஒழுங்காக் குளிசை போடுது. பெத்த தாயையே பேய்க்காட்டிறாள் எண்டால் பாரன்."

சிரித்தபடியே யோசெப்பின் மேசையில் இருந்த தன் குளிசையை எடுத்தாள். வாயருகே போன கை அப்படியே நின்றது.

"பிள்ளை, போன கிழமை என்னைப் பாத்த டொக்டரும் பிரெஞ்சிலதானே கதைச்சவர். கனநேரம் கதைச்சவர். நீயும் எனக்கு ரெண்டு சொல்லுத்தானே சொன்னனீ."

லக்சனா கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது.

"தேத்தண்ணி ஆறுது, அம்மா. குடியுங்கோ."