சாமான் அறை ஹீட்டர்

துப்புரவு அக்காவிடமிருந்து ஹீட்டரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் எலக்ட்ரீஷியன். அதுவும் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகிற குளிரில்!

வக்கீலுக்கு இது தெரியவே நாலு நாள் ஆயிற்று.

வக்கீல் என்றால் கோர்ட் வக்கீல் இல்லை. பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படிக்கிற பெண். எங்கே அநியாயம் நடந்தாலும் முதலில் கேட்கிற வாய் அவளுடையது என்பதால் சமுதாயக் கூடத்தில் வைத்த பெயர். கூடத்துக்குப் புது ஹீட்டர் திட்டம் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். சுவரில் மாட்டுவது, தொட்டால் சுடாதது, ஆள் போனதும் தானே அணைவது. கமிட்டியே கைதட்டியது.

இன்று, கொட்டிய டீயைத் துடைக்கத் துணி தேடி சாமான் அறைக்குள் போனாள். அக்கா ஸ்டூலில் சுருண்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் அக்குளில் செருகியிருந்தார்.

"என்னக்கா, இப்படி நடுங்குறீங்க?"

"இங்கே ஒரு ஹீட்டர் இருந்துச்சு கண்ணு. எலக்ட்ரீஷியன் தம்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. விடு, பழகிடும்."

"மத்தியானம் மறுபடி துடைக்கிற வரைக்கும் இங்கேயா இருப்பீங்க?"

"வேற எங்கே போறது?"

வக்கீலுக்கு ஜிவ்வென்று ஏறியது.

எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்று புது ஹீட்டர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கீழே இறங்குங்க."

"என்னம்மா வக்கீல், கேஸ் என் மேலயா?"

"அக்கா ஹீட்டரை ஏன் எடுத்தீங்க?"

"பிளக் கருகிக் கிடந்துச்சும்மா. பக்கத்துலயே தரை பாலிஷ் டப்பா, துணி மூட்டை. பத்திக்கிட்டா என்ன ஆகும்?"

"சரி, எடுத்தது நியாயம். பதிலுக்குப் புதுசு எங்கே? செருப்பு கழட்டுற இடத்துக்குக்கூட ஒண்ணு மாட்டியிருக்கீங்க!"

எலக்ட்ரீஷியன் அவள் தோளுக்கு மேலே பார்த்தார். பின்னாலேயே வந்திருந்த அக்கா, 'வேண்டாம்' என்று தலையாட்டினார்.

"கையில கொடுத்த பட்டியல்படிதான் மாட்டுறேன்" என்று ஸ்குருவைத் திருக ஆரம்பித்துவிட்டார்.

"பட்டியல் போட்டதே நான்தான்! அப்போ செயலாளர் அதுல கை வச்சிருக்கார்!"

அடுத்த நிமிடம் ஆபீஸ் அறையில் நின்றாள்.

"சார், என் பட்டியல்ல சாமான் அறையை அடிச்சது நீங்கதானே?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பார்வையும் வாசலுக்குப் போனது. அங்கேயும் அக்கா. அங்கேயும் அதே தலையாட்டல்.

"நான்தான்னு வச்சுக்கோம்மா. அடுத்த வாரம் ஒண்ணு மாட்டிடலாம்."

"வச்சுக்கணுமா? உங்க மேஜைக்கு அடியில மட்டும் ஹீட்டர் ஓடுது. உட்கார்ந்திருக்கிற கால் கதகதப்பா இருக்கணும், தரை துடைக்கிற கை விறைச்சுப் போகணும், இல்லே? சாயங்காலம் கமிட்டியில எல்லார் முன்னாடியும் கேட்கத்தான் போறேன். இதுக்குக் காரணமான ஆள் எழுந்து நின்னு அக்காகிட்ட மன்னிப்புக் கேட்கணும்!"

செயலாளர் பதறிப்போனார்.

"எல்லார் முன்னாடியும் வேண்டாம்மா." அலமாரியைத் திறந்தார். "மன்னிச்சுக்கோங்கக்கா, இதுக்கு மேல மறைச்சா இந்தப் பொண்ணுக்குத்தான் அவமானம்."

அவர் நீட்டிய தாளில், நீல மையில், வக்கீலின் சாய்ந்த கையெழுத்து.

'அறை 14: சாமான் அறை. ஆள் யாரும் இருப்பதில்லை. பழைய ஹீட்டர் வீணாக ஓடுகிறது. எடுத்துவிடலாம். புதிது தேவையில்லை.'

'தேவையில்லை'க்குக் கீழே இரண்டு கோடு.

ஒரே மாலையில் பதினான்கு அறை பார்த்து முடித்ததைத் தோழிகளிடம் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. கடைசி அறை எப்படி இருந்தது என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

"அக்கா..." வாசல் பக்கம் திரும்பினாள். "நான்தான் எழுதினேன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

அக்கா கிட்டே வந்து, ஜில்லிட்ட கையால் அவள் தோளைத் தட்டினார்.

"நீ ஒண்ணும் பொய் எழுதலையே கண்ணு. அன்னிக்கு எல்லா அறையும் சுத்திட்டு, கால் வலிக்குதுன்னு வந்து நின்னே. ஹீட்டர் பக்கத்துல இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். நீ உட்கார்ந்து எழுதட்டும்னு நான்தானே எழுந்து வெளியே போனேன்?"